இடம் மாறிய கேபிள்கள்

ட்ரோம்சோ, ஜூன் 9

அன்புள்ள இங்குனுக்கு அம்மா எழுதுவது. காகிதக் கடிதம் இப்போது அங்கே வந்து சேராது என்பதால் மின்னஞ்சலில் தட்டுகிறேன். நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். நான் சுகம்தான், அப்பாவைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை. கணையத்தில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது, ஆகஸ்டைத் தாண்டமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உனக்குத் தெரியக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார், அதை மீறித்தான் எழுதுகிறேன். உன்னைத் தென்துருவத்துக்கு அனுப்பிய அலுவலகத்துக்கு மூன்று தடவை போனேன், ஒரு விமானம் அனுப்புங்கள் என்று அந்த அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், குளிர்காலத்தில் அங்கே எதுவும் இறங்க முடியாது, நவம்பருக்கு முன்னால் வழியே இல்லை என்று அவரும் கண்கலங்கினார். இங்கே வெயில் இறங்கவே மாட்டேன் என்கிறது, உனக்கோ விடியவே இல்லை, நடுவில் நான் என்ன செய்வேன் சொல்.

இரண்டு வருடமாக நீங்கள் பேசிக்கொள்ளாதது ஏன் என்று எனக்குத் தெரியாதா. நம் மலையடி ரேடாரில் இரண்டு ஆன்டெனாக்களின் கேபிள்கள் இடம் மாறியிருக்கின்றன, தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்துக் காற்றைப் பற்றி அப்பா சேர்த்த பதினோரு வருடப் பதிவு முழுவதிலும் திசை தவறு என்று விஞ்ஞானிகள் கூட்டத்தில் எழுந்து சொன்னாய். பெற்ற அப்பனைத் தலைகுனிய வைத்துவிட்டாயே என்று நானும் உன்னைத் திட்டினேன். போன செவ்வாய்க்கிழமை அப்பாவுக்கு மீன் சூப் ஊட்டினேன், இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை, கிண்ணத்தைத் தள்ளிவிட்டு என்னிடம் சொன்னார்: "போர்கில்ட், பனிப்புயல்ல அறுந்த கேபிளை மாத்தினது நான்தான். கை விறைச்சுப் போச்சு, சரிபார்க்காம வந்துட்டேன். அடுத்த வருஷமே சந்தேகம் வந்துச்சு, வாயைத் திறக்கல. பொண்ணு சொன்னது சரிதான்." இத்தனை வருடம் மனதுக்குள் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் படுக்கையில் துணி மாதிரிக் கிடப்பவரிடம் என்னவென்று கோபப்படுவது. இதை அவளிடமே சொல்லுங்களேன் என்றேன். உங்கள் நிலையத்து எண்ணை இரண்டு தடவை போட்டார், மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டார். இங்குன், நீதான் கூப்பிட வேண்டும், நான் திட்டியதை மன்னித்துவிட்டுக் கூப்பிடு. எதுவும் தெரியாதவள் போலப் பேசு. கேபிளைப் பற்றிக் கேட்காதே, அவராகச் சொன்னாலும் சொல்வார், சொல்லாமலும் போவார். அங்கே மேலே காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று சொல்லு, கேட்டுக்கொண்டிருப்பார். அவர் ஒன்றும் பேசாவிட்டாலும் நீயாக வைத்துவிடாதே, மூச்சுச் சத்தமாவது உனக்குக் கேட்கும்.

பனிப்புயலில் வழி தப்பாமலிருக்கக் கட்டியிருக்கும் கயிற்றைப் பிடிக்காமல் ஆன்டெனா பக்கம் போகாதே. ஆண்டவர் உன்னைக் கைவிடமாட்டார். இங்கே மத்தியானம் இரண்டு மணிக்கு அப்பாவுக்கு மருந்து மயக்கம் தெளிந்திருக்கும், மறந்துவிடாதே, இரண்டு மணி.

உன் அம்மா,
போர்கில்ட்