ஷில்லாங் பூவை அம்மா முகர்ந்தது

திருவள்ளூர்,
தை மாதம், 1974

சௌபாக்கியவதி பூமாவுக்கு அப்பா அநேக ஆசீர்வாதம். பெருமாள் கிருபையில் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசைப் பற்றித்தான் சொல்லத் தெரியவில்லை. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமா? தலைப்பிரசவத்துக்குப் பிறந்தகம் வர முடியாது, ஷில்லாங் ஆஸ்பத்திரியிலேயே பார்த்துக்கொள்கிறேன், அம்மாவும் வரவேண்டாம், பெருமாளுக்கு மாலை கட்டுவது நின்றுபோகும் என்று நீ எழுதினாலும் எழுதினாய், நானும் ஆமாம் போட்டேன், அன்று முதல் அம்மா ஓரிடத்தில் உட்காருகிறாளா என்ன! அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் தபால்காரனுக்காக நிற்கிறாள், பால் பொங்கி வழிகிறது. கொஞ்சம் மனசு மாறட்டும் என்று கும்மிடிப்பூண்டிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆலை முதலாளி வைத்திருக்கும் தாவரத் தோட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப்போனேன். ஆர்க்கிட் பூவுக்குப் பேர்போன தோட்டமாம்.

மேலே கீற்றுப்பந்தல், கீழே முறம் முறமாக இலை விட்ட செடிகள், உள்ளே ஒரே ஈரம். அவளோ எதையும் பார்க்கவில்லை, அகத்துக்குப் போகலாம், தபால் வந்திருக்கும் என்று பிடுங்கி எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஏதடி தபால் என்று கத்தியே விட்டேன். அப்போது தோட்டக்காரன் சின்னதுரை மரக்கட்டையில் தொங்கிய ஒரு நீலப் பூவைக் காட்டி, இது ஷில்லாங் பக்கத்து மலைலேர்ந்து வந்த செடி சாமி, நம்ம வெயிலு இதுக்கு ஆவாது, கோணிய நனைச்சுக் கட்டி கொயந்த மாதிரி பாத்துக்கினு கீறேன் என்றான். அவ்வளவுதான், அம்மா ஓடிப்போய் அந்தப் பூவில் முகத்தை வைத்து முகர்ந்துவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெருமாளுக்குத் தொடுக்கும் பூவின் வாசனை தன் மூக்கில் ஏறக்கூடாதென்று கல்யாணமாகி வந்த நாளாக முகத்தைத் திருப்பிக்கொண்டே மாலை கட்டுகிறவள், அந்தப் பழக்கத்தில் தன் தலைக்கு வைக்கிற பூவைக்கூட முகர்ந்தறியாதவள். என்னடி இது என்றேன். கொழந்தை இருக்கிற ஊர்ப் பூவாச்சேன்னுதான், ஒரு வாசனையும் இல்லையே என்று சொல்லி அங்கேயே ஓவென்று அழுதாள். சின்னதுரை பயந்துபோய், இன்னா சாமி, அம்மாவுக்கு ஒடம்பு பேஜாரா கீதா என்று தண்ணீருக்கு ஓடினான். நான் மேல்வேஷ்டியால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன் பூமா.

திரும்பும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். மாலையைப் பக்கத்து அகத்து அலர்மேல்மங்கை கட்டுகிறேன் என்றிருக்கிறாள், கோணல்மாணலாகத்தான் கட்டுவாள், பெருமாள் பொறுத்துக்கொள்வார். அடுத்த வாரம் புதன்கிழமை கல்கத்தா ரயிலில் நானும் அம்மாவும் புறப்படுகிறோம், கௌஹாத்திக்கு மாப்பிள்ளையை வரச்சொல். கனமான குடத்தைத் தூக்காதே, குளிரில் வெறுங்காலோடு நிற்காதே, வேளைக்குச் சாப்பிடு. சுகப்பிரசவமாகித் தாயும் சேயுமாய் நீடூழி இருக்கவேண்டும். வேண்டாம் என்று மட்டும் தந்தி அடிக்காதே, அடித்தாலும் அம்மா ரயிலை விட்டு இறங்கமாட்டாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
கிருஷ்ணஸ்வாமி