சாயம் வலிக்குது

அம்மா,

இதை யாருக்கும் காட்டாதீர்கள். நீங்கள் இருக்கிற இடத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நம் சொந்தக்காரர்கள் இருந்தால் அவர்களுக்கும் வேண்டாம். அம்மன் பக்கத்தில் இருந்தால் அவளுக்கு முக்கியமாக வேண்டாம். படித்துவிட்டு முந்தானையில் முடிந்துகொள்ளுங்கள்.

அன்புள்ள அம்மா என்றுதான் முதலில் எழுதினேன். பிறகு முதல் சொல்லை அடித்துவிட்டேன். அன்பு இல்லாமல் இல்லை. இன்றைக்கு அதை எழுதக் கை வரவில்லை.

அடுப்படியில் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெளிச்சம் இடுக்கு வழியாகப் போகாமல் குப்பி விளக்கைத் தரையில் வைத்திருக்கிறேன். இது தமிழ்க் கொப்பியின் நடுத்தாள். அப்பா முன்னறையில் தூங்குகிறார். அத்தை சாந்தியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உள்ளறையில் படுத்திருக்கிறார். நீங்கள் போன மறுவாரமே அத்தை இரத்தோட்டையிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு பஸ் ஏறி வந்துவிட்டார். சாந்தியை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆனால் நீங்கள் வைத்த நேர்த்தியை உங்களைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

நாளை காலை சாந்திக்கு மறுபடியும் இரும்புச் சப்பாத்து போட வேண்டும். இரண்டு வாரமாகக் கழற்றி வைத்திருந்தோம். ஏன் கழற்றினோம் என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளுங்கள்.

முஸ்லிம் நானாவின் துணிக்கடைக்குப் போனது ஞாபகம் இருக்கிறதா? இளம்பிள்ளை வாதம் வந்து சாந்தியின் இடது கால் துணி மாதிரித் தொங்கிப்போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் அளவெடுத்து, முழங்கால் வரைக்கும் இரண்டு கம்பியும் தோல் வாரும் வைத்த அந்தச் சப்பாத்தைக் கொடுத்தார்கள். அதற்குள்ளே பாதத்திலிருந்து முழங்கால் வரை இழுத்துப் போட மேஸ் வாங்கத்தான் போனோம். நானா கண்ணாடி அலுமாரியைத் திறந்து மேசையில் பரப்பினார்.

"தங்கச்சி, இந்த வெள்ளயப் பாருங்க. பருத்தி. வேர்வைய உறிஞ்சும். இரும்பு போடுற காலுக்கு இதுதான் நல்லம்."

"செவப்பு இல்லீங்களா நானா?"

"செவப்பும் ஈக்கி. ஆனா நைலோன். சாயம் போகும், இப்பவே செல்லிட்டேன்."

"பரவாயில்லீங்க. அதுலயே ரெண்டு சோடி குடுங்க."

நீங்கள் வெள்ளையைக் கையால் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தேர் நம் தெருவால் போனபோது சாந்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நீங்கள் கத்திச் சொன்னதை நானும் கேட்டேன். "தாயே, ஏம்புள்ள தன் காலால நடந்து ஒன் வாசலுக்கு வர்ற வரைக்கும் அவ காலுக்கு ஒன் நெறந்தான்!" அம்மனா சிவப்பு கேட்டாள்? பூ கேட்டாளா, மாவிளக்கு கேட்டாளா என்று யாருக்காவது தெரியுமா? நீங்களாகத்தான் கொடுத்தீர்கள். கொடுத்தது உங்கள் காலையும் இல்லை.

கடையிலிருந்து திரும்பும்போது நான் கேட்டேன், "ஏம்மா, மேஸ்கூடவா செவப்பு?" நீங்கள் என்ன சொன்னீர்கள்? "செவப்பா இருந்தா பாக்குறவுங்க கண்ணு மேஸ்ல போகும்டி. இரும்புல போகாது."

அதை இந்த ஏழு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நேர்த்தி அம்மனுக்கா, தெருவில் பார்க்கிறவர்களுக்கா?

அடுத்ததை எழுதத்தான் பயமாக இருக்கிறது.

விடாமல் மழை பெய்த அந்த வாரத்தில் இரண்டு சோடியும் காயவில்லை. நீங்கள் சந்தைக்குப் போயிருந்தீர்கள். பக்கத்து வீட்டுச் சிங்கள நோனா தன் பேத்திக்குப் பத்தாமல் போன ஒரு சோடி வெள்ளை மேஸைக் கொடுத்திருந்தார். நான் அதைச் சாந்திக்குப் போட்டுச் சப்பாத்தை மாட்டினேன். சாந்தி அன்றைக்கு அழவே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கதவு வரை நடந்தாள். நீங்கள் வந்தீர்கள். அவள் நடந்ததைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தீர்கள். என் கன்னத்தில் அறைந்தீர்கள். ஈர மேஸை அடுப்புக்கு மேலே பிடித்துக் காயவைத்துப் பாதி ஈரத்தோடு போட்டுவிட்டீர்கள்.

எட்டாவது நாள் உங்கள் கண் மஞ்சளாகியது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீங்கள் என்னிடம் கடைசியாகக் கேட்டது, "சாந்தி மேஸ் காஞ்சிருச்சா?" நான் சாப்பிட்டேனா என்று கேட்கவில்லை. பள்ளிக்கூடம் போனேனா என்று கேட்கவில்லை. "காஞ்சிருச்சும்மா" என்றேன். இரண்டு நாளில் உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

சாவு வீட்டில் அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். "நேத்தியில ஏதோ கொற வந்திருச்சு! இல்லாட்டி ஆத்தா இப்படி எடுப்பாளா?" எல்லாரும் தலையை ஆட்டினார்கள். யார் குறை வைத்தது என்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். நான் மூலையில் சாந்தியை மடியில் வைத்துக்கொண்டு, அவள் காலில் சிவப்பு இருக்கிறதா என்று பாவாடையை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னாலா அம்மா? ஒரே ஒரு நாள் வெள்ளை மேஸ் போட்டதற்கா? "ஒன்னால இல்லடி" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். மேஸைப் பற்றிக் கேட்க மூச்சு இருந்ததே.

அதற்குப் பிறகு நான் ஒரு நாளும் தவறவில்லை. காலையில் சிவப்பு, மாலையில் கழற்றித் துவைப்பது, மறுநாள் சிவப்பு. வார் அழுத்துகிற இடத்திலும் குதிகாலிலும் சிவப்பாக இருக்கும். துவைக்கிற தண்ணீரும் சிவப்பாக இருக்கும். சாயம் போகும் என்று நானா அன்றைக்கே சொன்னாரே! காலைக் கழுவிவிட்டால் கொஞ்சம் போகும், கொஞ்சம் நிற்கும். சாந்தி காலை இழுத்துக்கொள்வாள்.

"ஒண்ணுமில்ல பாப்பா. சாயம்தான்."

அவளுக்கு நாலு வயது. நான் சொன்னால் நம்புவாள். கொஞ்ச நாளில் அவளே சொல்லக் கற்றுக்கொண்டாள். சப்பாத்தை எடுத்தாலே உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சொல்வாள்.

"அக்கா, சாயம் வலிக்குது."

நானும் அத்தையும் அதைக் கேட்டுச் சிரித்தோம். அப்பா கொக்கோ மூட்டைக் கடையிலிருந்து வந்ததும் அவரிடம் சொல்லிச் சிரித்தோம். அவர் கொக்கோத் தூசி அப்பிய கையோடு அவளைத் தூக்கி, "சாயம் எப்புடிம்மா வலிக்கும்?" என்று கொஞ்சினார். மூன்று பேரும் சிரித்தோம் அம்மா. இதை எழுதுகிற விரல்களை எனக்கு நசுக்க வேண்டும் போல் இருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் அத்தையும் நானும் அவளைக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனோம். நர்ஸ் மிஸ்ஸி வாரைக் கழற்றி மேஸை இழுத்தார். வரவில்லை. குதிகாலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சுடுதண்ணீர் ஊற்றி ஊற்றி எடுத்தார். சாந்தி கத்தின கத்தலில் வரிசையில் இருந்த பிள்ளைகள் எல்லாம் அழுதன. நான் சிங்களத்தில் சொன்னேன், அது சாயம் மிஸ் என்று. அவர் விரலைத் தன் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு என் மூக்குக்குக் கிட்டக் காட்டினார்.

"மேக்க சாயம் நெவெயி நங்கி. லே."

இது சாயம் இல்லை தங்கச்சி, ரத்தம். குதிகாலில் என் பெருவிரல் நகத்தளவுக்குக் குழி.

யார் மேஸ் போட்டுவிடுவது என்று கேட்டார். அத்தை என்னைப் பார்த்தார். நான்தான் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஸ்டூலில் உட்காரவைத்து எனக்குச் சொல்லிக்கொடுத்தார். பருத்தியாக இருக்க வேண்டும். வெள்ளையாக இருக்க வேண்டும், அப்போதுதான் காலில் என்ன நடக்கிறது என்று துணியே சொல்லும். மேல் வாருக்கும் மேலே இரண்டு விரல் நீளம் இருக்க வேண்டும். பெரிதாக இருந்தால் சுருங்கும், அந்தச் சுருக்கமே கல் மாதிரி அழுத்தும். விரல் பக்கத்துத் தையல் வெளியே வருகிற மாதிரிப் புரட்டிப் போட வேண்டும். மாலையில் கழற்றியதும் சிவந்த இடத்தைப் பார்க்க வேண்டும். அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் கூட்டி வர வேண்டும்.

புண் ஆறும் வரை இரும்பு போடக் கூடாது என்றார். மறுபடியும் புண் வந்தால் பாதம் திரும்பிக்கொள்ளும், அப்புறம் வெட்டித்தான் நேராக்க வேண்டும் என்றார். இதெல்லாம் வெறும் மேஸ்தானே என்று இருக்கும் உங்களுக்கு.

வீட்டுக்கு வந்ததும் நான் அத்தையிடம் கெஞ்சினேன்.

"அத்த, மிஸ்ஸி வெள்ளதான் போடச் சொன்னாங்க. நீங்களும் கேட்டீங்கதானே."

"மிஸ்ஸிக்கு என்னடி தெரியும் நம்ம ஆத்தாவப் பத்தி? இது செத்தவ வச்ச நேத்தி. உசுரோட இருந்தா அவளே போயி மன்னிப்புக் கேட்டு மாத்திக்கலாம். இப்ப யாரு மாத்துறது? நீ மாத்துவியா? ஆறட்டும். மஞ்சப் பத்துப் போட்டு, பஞ்சு வச்சு, அது மேல செவப்பப் போட்டுக்கலாம்."

"பஞ்சு வச்சா இன்னும் அழுத்தும் அத்த."

"வாய மூடு. பன்னெண்டு வயசுல டாக்டராயிட்டா!"

அப்பாவைப் பார்த்தேன். அவர் சாக்கு நூலை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். "அத்த சொல்றபடி செய்யும்மா. ஒரு தடவ கொற வந்து நான் பட்டது போதும்" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அவருக்குத் தெரியுமோ? தெரிந்துதான் என்னோடு இவ்வளவு நாளாக அதிகம் பேசாமல் இருக்கிறாரோ?

நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டு நானாவின் கடைக்குப் போனேன். வெளிநாட்டுச் சாமான் வருவதை அரசாங்கம் நிறுத்திய பிறகு அவர் அலுமாரி பாதி காலி. நான் வெள்ளை மேஸ் கேட்டதும் அவர் அலுமாரிக் கதவைத் திறந்தார்.

"அன்டைக்கே உங்கட உம்மாக்கிட்ட சென்னேன்தானே மகள்."

"சொன்னீங்க நானா. அப்பாகிட்டச் சொல்லிராதீங்க."

அவர் அடியிலிருந்து மூன்று சோடி எடுத்தார். கையை உள்ளே விடச் சொன்னார். "நகத்துக்கு நூல் மாட்டுதா? மாட்டினா புள்ளட விரலுக்கும் மாட்டும்." ஒன்றில் மாட்டியது, அதைத் தள்ளி வைத்தார். மற்ற இரண்டையும் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். மடித்து வைத்தே கிடந்ததால் மடிப்பில் பழுப்பேறியிருந்தது. ஆனால் மெத்தென்று இருந்தது. என் பள்ளிக்கூட மேஸைவிட மெத்தென்று இருந்தது. சாந்தியின் காலை நூலால் அளந்து கொண்டுபோயிருந்தேன். குதிகால் சரியாகக் குதிகாலில் வந்தது.

"இது அன்டைக்கு உங்கட உம்மா வாங்காம வெச்சிட்டுப் போன மேஸ்தான்" என்றார். காகிதத்தில் சுற்றி என் புத்தகங்களுக்கு நடுவில் அவரே செருகினார். காசு வாங்கவில்லை.

இன்றைக்குச் சாயங்காலம் அத்தை கோயிலுக்குப் போன நேரம் சாந்திக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். தையலை வெளியே புரட்டி, விரலிலிருந்து மேலே மெதுவாக நீவி நீவி. புண் மேலே புதுத் தோல் மூடியிருக்கிறது, வெங்காயத் தோல் மாதிரி. அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"அக்கா, இதுல சாயம் இருக்கா?"

"இல்ல."

"அப்ப வலிக்காதா?"

நீங்கள் சொல்லுங்கள்.

அத்தை கோயிலிலிருந்து வந்ததும் சிவப்பு மேஸ் இரண்டு சோடியையும் சாமி படத்துக்குக் கீழே குங்குமம் வைத்து மடித்து வைத்தார், காலையில் போட. எல்லாரும் தூங்கிய பிறகு நான் அதை எடுத்துவந்தேன். ஒளித்து வைத்தால் தேடி எடுப்பார்கள். அதனால் அடுப்பில் தணலைக் கிளறிப் போட்டுவிட்டேன். நைலோன் சாம்பலாகவில்லை. உருகிச் சுருண்டு, கறுப்பாகக் கட்டி தட்டிப்போய்க் கிடக்கிறது. நாற்றம் தாங்க முடியவில்லை.

இதற்காகத்தான் கடிதத்தைக் காட்ட வேண்டாம் என்றேன். நேர்த்தியை வைத்தவர்தான் மாற்ற முடியும் என்று அத்தை சொன்னாரே. அப்படியானால் மாற்றுங்கள். அம்மனிடம் நீங்களே போய் வாயால் சொல்லுங்கள், அந்த நிறத்தைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்று. எரித்ததைப் பற்றிச் சொல்ல வேண்டாம். அதைக் கேட்டு அவள் கோபித்தால் இந்த முறை யாரை எடுப்பாள்? அப்பாவையா? சாந்தியையா? அதை நினைத்துக்கொண்டேதான் தணலில் போட்டேன்.

நீங்கள் அவள் நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டீர்கள். நான் அவள் நடக்கிற காலைப் பார்த்துக்கொள்கிறேன். நேர்த்தி என்று எதுவும் வைக்கமாட்டேன். உங்களுக்கு வாக்கு மட்டும் தருகிறேன். தினமும் காலையில் நானே புரட்டி, சுருக்கம் இல்லாமல் போடுவேன். மாலையில் நானே கழற்றிப் பார்ப்பேன். சிவப்பாகத் தெரிந்தால் ரத்தம் என்றுதான் சொல்வேன். யார் அடித்தாலும் சாயம் என்று சொல்லமாட்டேன். உங்கள் மகள் என்று கையெழுத்துப் போட இன்றைக்கு எனக்கு

கதவைத் தட்டுகிறார்கள். அத்தை. "என்னடி கருகுது உள்ளுக்கு? அடியே, சாமி படத்துக்கிட்ட வச்ச மேஸ எங்க?" அப்பாவின் இருமலும் கேட்கிறது, எழுந்துவிட்டார். "கதவத் தெறம்மா." சாந்தியும் அழுகிறாள். வெள்ளை மேஸ் இரண்டு சோடியும் என் சட்டைக்குள் இருக்கிறது. கொடுக்கமாட்டேன்.

சாந்தியின் அக்கா