ரைட் என்றால் போகலாம்

என் பிரியமான மாமாவுக்கு,

நம் ஜீப் கிளப் மலரில் உங்களைப் பற்றி நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்று நம் செக்ரட்டரி தாமஸ் சார் கேட்டார். நாலு வரியில் அடங்குகிற ஆளா நீங்கள்? உங்களைப் பற்றி இவர்களுக்குச் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? எல்லோருக்கும்தான் உங்களைத் தெரியுமே. உங்களுக்குச் சொல்லத்தான் விஷயம் இருக்கிறது. அதனால் உங்களுக்கே எழுதிவிடுகிறேன், படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் ஊர்ச் சேதி. உங்கள் சுங்குவார்சத்திரம் பட்டறையை வாடகைக்கு விட்டாகிவிட்டது. லாரிக்காரர்கள் இன்னும் அங்கேதான் வந்து நிற்கிறார்கள், சேகர் அண்ணன் இல்லையா என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறார்களாம். ஒரகடம் பக்கம் யாரோ கம்பெனிக்காரர்கள் காரில் வந்து நிலம் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நான் வழக்கம்போல பால் சொசைட்டிக்குப் போய் வருகிறேன். சேரப்பணஞ்சேரி மாடுகள் இந்த வருஷமும் பாலும் தண்ணீருமாகத்தான் கறக்கின்றன.

ஜீப் மட்டும் கொட்டகையில் சும்மா நின்றது. பழைய இரும்புக்குப் போக வேண்டியதை மிலிட்டரி ஏலத்தில் எடுத்து வந்து, ஒவ்வொரு போல்ட்டாக நீங்கள் பூட்டிய வண்டி. அவ்வப்போது ஸ்டார்ட் பண்ணி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்திவிடுவேன். பொங்கல் கழிந்ததும் உங்கள் தம்பி குமரேசன் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தான். கல்குவாரி கான்ட்ராக்டராம். அந்த ஆள் வண்டியைச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்தான். எனக்கு என்னையே உதைத்த மாதிரி இருந்தது.

“சும்மாத்தான அண்ணி கீது, துருப்புடிச்சிகினு. நீங்களா ஓட்டப் போறீங்க?” என்றான் குமரேசன்.

“நான்தான் ஓட்டப் போறேன். மாசியில, கிளப்புல.”

கான்ட்ராக்டர் சிரித்தான். குமரேசன் சிரிக்கவில்லை. “ஆம்பளைங்களே கவுந்துடற எடம் அண்ணி அது. அண்ணனே போய்ட்டாரு. நீங்களும் எதுனா ஆயிட்டா யாருக்கு யார் பதில் சொல்றது?”

அக்கறையாகத்தான் சொன்னான் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு வந்தது கோபம்தான். கிளப்பில் உங்கள் இடம் எனக்குத் தானாக வராது என்று தாமஸ் சார் ஏற்கெனவே சொல்லியிருந்தார். புது ஆள் யாரானாலும், சனி ஞாயிறு ரெண்டு நாளும் அந்தக் கல்லுப் பாதையைத் தன் வண்டியில் தானே ஓட்டி முடிக்க வேண்டும். நடுவில் ஒரு தரம் கயிறு கட்டி இழுத்தாலும் மெம்பர் இல்லை. (அந்த விதி வருவதற்கு முன்னாலேயே நீங்கள் மெம்பர், தப்பித்தீர்கள். வருஷா வருஷம் கயிற்றில் தொங்கிக்கொண்டு மேலே வந்த ஒரே மெம்பர் நீங்கள்தானே!) அதையே பிடித்துக்கொண்டு குமரேசனிடம் சொன்னேன்: “மெம்பர் ஆயிட்டேன்னா வண்டி என்னோட இருக்கும். கயிறு கட்டிட்டாங்கன்னா மறுநாள் காத்தால சாவியை நானே உன் கையில குடுக்கறேன். அப்பறம் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.”

“பேசறது எங்க அண்ணி, நீங்கதான் என்னோட பேசறதே இல்லியே” என்றான் அவன்.

உண்மைதான். ஏன் பேசவில்லை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்து, வீட்டுக்குக் கொண்டுவர உங்களை வேனில் ஏற்றினார்கள். நான் உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். பின்கதவைச் சாத்தியது குமரேசன். சாத்திவிட்டு, வேனின் பக்கத்தில் ரெண்டு தட்டு தட்டி, “ரைட்!” என்று குரல் கொடுத்தான். கண்டக்டர் வேலை பார்க்கிற வாய், நாள் முழுக்க அதையே சொல்லிப் பழகிய வாய். டிரைவரும் உடனே கிளப்பிவிட்டான். கூடப் பிறந்த அண்ணனை ஒரு டிக்கெட் மாதிரி ஏற்றி அனுப்பிவிட்டானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழுகையைவிட அந்தக் கோபம்தான் வீடு வரைக்கும் என்னைத் தூக்கிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு அவன் முகத்தைப் பார்த்தாலே அந்த ரைட்தான் காதில் விழும்.

கிளப்பிலும் ஆகாத வார்த்தை அது. நினைவிருக்கிறதா? முதல் வருஷம், வண்டிக்கு முன்னால் நின்று வழிகாட்டிய நம்மூர் ஆள் “ரைட், ரைட்” என்றான், போகலாம் என்று அர்த்தம். ஓட்டிய மெட்ராஸ்காரர் வலது பக்கம் ஸ்டியரிங்கை ஒடித்து நேராகக் கருவேல முள்ளுக்குள் போய் விழுந்தார். சட்டை கிழிந்ததோடு போயிற்று. அன்றைக்கு நீங்கள் போட்ட சட்டம்தான் இன்றைக்கும். பாறையில் யாரும் ரைட் சொல்லக் கூடாது. வலது என்றால் சோத்தாங்கை, இடது என்றால் பீச்சாங்கை. மெட்ராஸ் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இப்போது அவர்களே கூச்சமில்லாமல் பீச்சாங்கை பீச்சாங்கை என்று கத்துகிறார்கள்.

இந்த மாசியில், பெண்பிள்ளையைத் தனியாக அனுப்பக் கூடாது என்று அத்தை ஒற்றைக் காலில் நின்றதால், லீவு போட்டுவிட்டு குமரேசனே எனக்கு வழிகாட்ட வந்தான். வண்டியை விற்கக் காத்திருக்கிறவன் வழிகாட்டியாம். நல்ல கூத்து என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை குவாரிக்குப் பின்னால் இருக்கும் கல்லுப் பள்ளங்கள். டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு, நாலு சக்கரமும் இழுக்கிற கியரில் போட்டு, நடக்கிற வேகத்தில்தான் போனோம். செம்பரம்பாக்கம் ஏரி காய்ந்து கிடந்த கோடையில் நீங்கள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது தரையில். இது வேறு. இத்தனை வருஷம் நான் வண்டிக்கு முன்னால் கல்மேல் நின்று கையைக் காட்டினவள். சொன்னா திருப்பத் தெரியாதா, கண்ணு எங்க இருக்குது என்றெல்லாம் உங்களைக் கத்தினவள். சீட்டில் உட்கார்ந்தால்தான் தெரிகிறது மாமா, உங்களுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது என்று. கல் கிட்டே வந்ததும் பானெட்டுக்குக் கீழே மறைந்துவிடுகிறது. சக்கரம் எதன் மேல் இருக்கிறது என்று இடுப்பால்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. இத்தனை வருஷமும் நீங்கள் என் கையை மட்டும் பார்த்துக்கொண்டா ஓட்டினீர்கள்?

குமரேசன் அன்றைக்கு நல்ல இடமாகத்தான் பார்த்துக் காட்டினான். ஏமாற்றவில்லை. வாய்தான் நிற்கவில்லை. “சோத்தாங்கை, அண்ணி, சோத்தாங்கை... ரைட்!” என்பான். தாமஸ் சார் ஓடி வருவார்.

“மிஸ்டர் குமரேசன், அந்த வார்த்தை இங்க வேண்டாம்னு சொன்னேன்ல?”

“சாரி சார். வாய்ல வந்துட்சி சார்.”

ஒவ்வொரு தரமும் எனக்கு வேன் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. இருந்தும் சனிக்கிழமை கயிறு இல்லாமல் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடைசி ஏற்றம் மாமியார். அந்தப் பாறைக்கு மாமியார் என்று பேர் வைத்து, அது அத்தை காதில் விழுந்து, அப்புறம் நீங்கள் பட்ட பாடு தனிக் கதை. சோத்தாங்கைப் பக்கம் ஒரு திண்டு, ஏறினால் வண்டியின் அடிவயிறு மாட்டிக்கொள்ளும். பீச்சாங்கைப் பக்கம் வழவழவென்று நல்ல ஏற்றம், ஆனால் அதை ஒட்டினாற்போல் பழைய குவாரிப் பள்ளம், கீழே பச்சைத் தண்ணீர். எல்லோரும் பீச்சாங்கைப் பக்கமாகத்தான் ஏறுவார்கள். நான் பள்ளத்து விளிம்பில் நின்றுகொண்டு, “இந்தப் பக்கம் வாங்க, இடம் நிறைய இருக்கு” என்று தொண்டை வறளக் கத்துவேன். நீங்கள் வருஷம் தவறாமல் திண்டில் ஏறி மாட்டிக்கொள்வீர்கள். கயிறு வரும். “எங்க வூட்டுக்காரருக்கு பட்டறையில காதும் போச்சு, பள்ளத்தைப் பாத்தா தைரியமும் போச்சு” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்வேன். நீங்கள் தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பீர்கள்.

குமரேசன் நேராகப் போய் நான் நிற்கிற அதே இடத்தில் நின்றான். முதுகுக்குப் பின்னால் பள்ளம். பானெட் அவன் நெஞ்சுக்கு நேராக இருந்தது. கிளட்ச்சை விட்டேன், வண்டி ஏற ஆரம்பித்தது. முன்சக்கரம் வழுக்கி, வண்டி அவன் பக்கமாக ஒரு முழம் நகர்ந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றுவிட்டது.

அப்போதுதான் புரிந்தது. இன்னும் ஒரு முழம் வழுக்கியிருந்தால் அவன் போக இடமில்லை. வருஷா வருஷம் நீங்கள் இந்த சீட்டில் உட்கார்ந்து பார்த்தது பள்ளத்தை இல்லை. பள்ளத்துக்கு முன்னால் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்த என்னை. காது மந்தமான உங்களுக்கு என் கை தெரிந்தால்தான் ஓட்ட முடியும். கை தெரிகிற இடத்தில் நான் நின்றால் பீச்சாங்கைப் பக்கம் வர முடியாது. அதனால் திண்டில் ஏறி, கயிற்றில் தொங்கி, ஊர் சிரிக்கச் சிரித்துவிட்டு என்னை வீட்டுக்குக் கூட்டி வந்தீர்கள். நான் நினைப்பது சரிதானா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா மாமா?

“இன்னா அண்ணி, நின்னுட்டீங்க? வாங்க, எடம் கீது!”

“நீ அங்க நிக்காத. மேல ஏறிப் போ.”

“மேல நின்னா நான் உங்களுக்குத் தெரிய மாட்டேனே!”

“தெரிய வேணாம். கத்து. பஸ்ல கடைசி சீட்டு வரைக்கும் கேக்கற மாதிரி கத்து. எனக்குக் காது நல்லாத்தான் இருக்குது.”

தாமஸ் சார் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கிட்டே வந்துவிட்டார். “கட்டிடலாமாம்மா?” என்று மெதுவாகக் கேட்டார். வேண்டாம் சார் என்றேன். வண்டியைக் கீழே வரை பின்னால் இறக்கி, மறுபடி கியரைப் போட்டேன். இந்தத் தரமும் ஏறாவிட்டால் காலையில் சாவி கைமாறும். நீங்கள் பூட்டிய ஸ்டியரிங்கை இன்னொருத்தன் பிடிப்பான்.

பானெட் தூக்கியது. வானம் மட்டும் தெரிந்தது. மேலேயிருந்து குரல் வந்தது. “பீச்சாங்கை... இன்னும் பீச்சாங்கை... பயப்படாதீங்க, சக்கரம் கல்லுமேலதான் கீது... போதும். நேரா. நேரா வாங்க...” எஞ்சின் முனகியது. நின்றுவிடும் போலிருந்தது. அப்போதுதான் அவன் அந்த வார்த்தையைக் கத்தினான்.

“ரைட்! ரைட், அண்ணி, ரைட்! ரைட்! ரைட்!”

கீழே இருந்தவர்கள் ஐயோ என்றார்கள். சோத்தாங்கைப் பக்கம் திருப்பினால் திண்டு, கயிறு, எல்லாம் முடிந்தது. ஸ்டியரிங்கை அசைக்கவில்லை. உங்கள் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். குமரேசன் வாயில் ரைட் என்றால் எந்தக் காலத்திலும் ஒரே அர்த்தம்தான். போ. தைரியமாகப் போ, பின்னால் நான் பார்த்துக்கொள்கிறேன். ஆக்சிலேட்டரை மிதித்தேன். பின்சக்கரம் ஒரு தரம் கீறியது, கடித்தது, வண்டி மேலே வந்து விழுந்தது. எதிரே சமதரை, புல், கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் உங்கள் தம்பி.

கைதட்டல் எனக்குக் காதில் விழவில்லை. குமரேசன் அப்படியே உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். நான் இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அன்னிக்கும் அதான் அண்ணி சொன்னேன்” என்றான். “போய்ட்டு வாண்ணான்னு சொல்லலாம்னு பாத்தேன். வாய் வர்ல. எனக்கு அது ஒண்ணுதான் வந்திச்சி.”

முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டேன். பசிக்குது, சாப்பாட்டை எடுத்துட்டு வா என்றேன். ரெண்டு பேரும் ஒரே பொட்டலத்தில் புளிச்சாதம் சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை கான்ட்ராக்டர் வந்தான். நான் வெளியே வருவதற்குள் குமரேசனே வாசலில் போய், “வண்டி ஓடிகினு கீதுப்பா, ஓடற வண்டிய யாராவது விப்பாங்களா?” என்று அனுப்பிவிட்டான். தாமஸ் சார் மெம்பர் பட்டியலில் உங்கள் பேரை அடிக்காமல் அதற்குக் கீழேயே என் பேரை எழுதியிருக்கிறார். அந்த ஒரு வார்த்தையை நான் அவரிடம் கேட்டு வாங்கியும்விட்டேன். இனிமேல் கிளப்பில் ரைட் சொல்லலாம், குமரேசன் மட்டும், எனக்கு மட்டும்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். என் கையும் காலும் ஓடுகிற வரைக்கும் வருஷா வருஷம் மாமியார் மேல் ஏறுவேன், பீச்சாங்கைப் பக்கமாகவே. ஆனால் பள்ளத்து விளிம்பில் ஒருத்தரையும் நிற்கவிட மாட்டேன், என் வண்டிக்கு மட்டுமில்லை, யார் வண்டிக்கும். வாயைத் திறந்து சொல்லியே சொல்வேன். நீங்கள் சொல்லாததையும் சேர்த்து.

அன்றைக்கு வேனில் உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தேன். இத்தனை மாசமும் விடவில்லை. இப்போது கொட்டகைக்குப் போய், வண்டியின் பக்கத்தில் ரெண்டு தட்டு தட்டிவிட்டு வந்துதான் இந்தக் கடைசி வரியை எழுதுகிறேன்.

ரைட், மாமா.

வண்டியோடு பத்திரமாக இருக்கும்,
உங்கள் பெண்சாதி
வசந்தா