நிற்காத வசனம்

ஆடி 3, திங்கள்.
மேல்காற்று. ஸ்டுடியோக் கொட்டகைத் தகரம் தடதடவென்று அடித்ததால் பதினொரு மணிவரை படப்பிடிப்பு இல்லை. சும்மா உட்கார்ந்து வெற்றிலை.

பிறகு தெய்வானையின் காட்சி. மில்லில் நூற்றுக்கொண்டிருந்த பெண். எழுத்து தெரியாது. வசனம் சொல்லிக்கொடுப்பது என் வேலை; நான் வாயால் சொல்வேன், கேட்ட சூட்டோடு காமிராவுக்கு முன் சொல்லிவிடுவாள். இதுவரை தவறியதில்லை.

இன்று கிழ ஜமீன்தாரை ஏச வேண்டும். "நீ மனிதனா? உன் வீட்டுச் சோறு எனக்கு விஷம்." இவள் சொன்னது: "நீங்க மனுசனுங்களா?" கொட்டகையே சிரித்தது.

"பெரியவங்களை நீன்னு சொல்ல வாய் வரமாட்டேங்குதுங்க."

என் வாய் சும்மா இருக்குமா? துண்டைத் தலையில் போட்டு, கைகூப்பி, அவளைப்போலவே பேசிக் காட்டினேன். இன்னும் பெரிய சிரிப்பு. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் நாலு சொல்கூட நிற்கவில்லை. பிலிம் வீண். டைரக்டர் பல்லைக் கடித்தார்.

வாங்க வேண்டியது: மை, தலைவலித் தைலம்.

ஆடி 4, செவ்வாய்.
சாரல். அதே கதை. நான் சொல்லும்போது உதடு அசைகிறது, 'ஸ்டார்ட்' என்றதும் வெறும் முகம். "மண்டைக்குள்ள என்ன, பஞ்சா?" என்று கத்தினேன். சீ, என்ன நாக்கு எனக்கு.

மத்தியானம் கிணற்றடியில் சிரிப்பு. ஸ்டுடியோவில் சேலை மடிக்கும் பழனாத்தா, பக்கத்து வீட்டுக்காரி தன்னை வைத வசவை மூச்சுவிடாமல் சொல்ல, தெய்வானை அப்படியே திருப்பிச் சொல்கிறாள். ஒரு சொல் விடவில்லை. இவளுக்கா ஞாபகம் இல்லை? என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

நான்தான் காரணம். தெரிந்துவிட்டது.

சாயங்காலம் டைரக்டர் கேட்டார்: "அந்தப் பெண்ணுக்கு ஞாபகசக்தி மட்டமா?"

"மட்டந்தானுங்க" என்றேன். என் வேலை போய்விடுமென்ற பயம். வேறு ஒன்றுமில்லை. வெட்கங்கெட்டவன்.

ஆடி 5, புதன்.
அவளை அனுப்பிவிட்டார்கள். புதுப் பெண் நாளை. பழனாத்தா என்னோடு பேசவில்லை.

ஆடி 7, வெள்ளி.
லீவு. தெய்வானையைப் பார்க்கச் சிங்காநல்லூருக்கு நடந்தே போனேன். வழியெல்லாம் உருப்போட்டது இரண்டே வாக்கியம்: தப்பு உன்மேல் இல்லை. டைரக்டரிடம் நான் பொய் சொன்னேன்.

"அட, வாங்க வாங்க! வெயில்ல வந்திருக்கறீங்க. மோர் குடிக்கறீங்களா?"

அவள் முகத்தில் கோபமே இல்லை. அதைப் பார்த்ததும் இரண்டு வாக்கியமும் போன இடம் தெரியவில்லை.

"காத்து சாஸ்தியா இருக்குது அம்மணி" என்றேன்.

"ஆமாங்க. மில்லுல மறுக்காவும் சேத்துக்கறாங்களாமுங்க. நமக்கு அதுதானுங்க லாயக்கு. எம்மண்டையில எதுவும் நிக்காதுன்னு நீங்க சொன்னீங்களாமா. நெசந்தானுங்க. எனக்கே இத்தன நாளாத் தெரியாமப் போச்சு பாருங்க."

மோரை வாங்கிக் குடித்தேன். உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். சரியாக இருக்கிறது என்றேன். வந்துவிட்டேன்.