ஜன்னலைத் திறந்து வெச்சிருக்கேன்

இருமல் நின்னுருச்சும்மா, அதையே நினைச்சு முழிச்சுக் கிடக்காத. உன் முட்டிவலி தேவலையா? அப்பா மாத்திரை போடறாரா?

எல்லாத்துக்கும் காரணம் ரூம் கார்ப்பெட்தான். அலமாரியை நகர்த்தினா ஒரே கறுப்புப் பூசணம். நான் ஒரு வாளி சோப்புத்தண்ணியை ஊத்தித் தேய்ச்சேன், நாத்தம் இன்னும் ஏறிருச்சு. வீட்டுக்காரம்மா மிஸஸ் பிளெங்கின் மூக்கைப் பொத்திக்கிட்டு, "ஏம்ப்பா எம்ரிஸ், குடியிருக்க ரூம் குடுத்தேனா, காளான் வளர்க்கக் குடுத்தேனா? சனிக்கிழமை வருவேன். நாத்தம் இருந்தா நீ காலி பண்ணிரு"ன்னாங்க.

பக்கத்து ரூம் டெக்லன் சிரிக்கறான். "ஆடு மேய்க்கிற வேல்ஸ்காரா, தண்ணிதாண்டா பூசணத்துக்குச் சாப்பாடு!" ரெண்டு பேரும் கார்ப்பெட்டுக்கு அடியில ஊறிக்கிடந்த பஞ்சு விரிப்பை வெட்டி எறிஞ்சுட்டு, கார்ப்பெட்டை ஃபேன் போட்டுக் காய வெச்சோம். இனிமே துணியை உள்ள காயப்போடக்கூடாதாம், ஜன்னலைத் திறந்தே வைக்கணுமாம்.

அதாம்மா கஷ்டம். ஞாயித்துக்கிழமையானா பக்கத்து வீட்டுல இருந்து கறி வேகுற வாசனையும் அவங்க சிரிப்பும் உள்ள வரும். அதுக்குத்தான் மூடியே வெச்சிருந்தேன்.

அப்பாவோட கம்பளி ஸ்வெட்டரை அனுப்பு, குளிருது. ஞாயித்துக்கிழமை நீங்க சாப்பிட உக்காரும்போது போன் போடு. பேசணும்னு இல்ல, தட்டுச் சத்தம் கேட்டாப் போதும்.

இப்ப நாத்தம் இல்ல. என் மூக்குக்குப் பழகிப்போச்சோ என்னவோ. இன்னைக்குச் சனிக்கிழமை. கதவைத் தட்டறாங்க, வீட்டுக்காரம்மாதான். நான் போகணும்.