மும்தாஜின் விடைத்தாள்

11-2-1971, வியாழன்

இரண்டாம் வகைக்கெழு பூஜ்யமானால் அங்கே வளைவரை ஏற்ற இறக்கம் மாறித் திரும்பும் புள்ளி இல்லை என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். x⁴-க்குப் பூஜ்யத்தில் திரும்பும் புள்ளி உண்டு என்று மும்தாஜ் மட்டும் எழுதியிருந்தாள். தப்பென்று தாளில் அடித்துவிட்டேன். மூன்று மார்க் குறைந்து பெயில்.

இன்று ஆசிரியர் அறைக்கே வந்து கேட்டாள். "ஏன் சார் தப்புன்னு போட்டீக? பூஜ்யத்துக்கு அங்குட்டு ஒண்ணு, இங்குட்டு ஒண்ணு போட்டுப் பாருங்க. ரெண்டு பக்கமும் கூடத்தானே செய்யுது?"

"எனக்கே பாடம் எடுக்குறியா?" என்று எல்லோர் முன்பும் கத்தினேன். தாளை நாலாக மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

சாப்பிட்டபின் போட்டுப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி.

பெயிலானவர்கள் பட்டியல் காலையில் பலகையில் ஏறிவிடும். அதற்குள் பிரின்சிபாலைப் பார்க்க வேண்டும். அவள் தாளை மட்டும் திருத்தினால் தீராது. நான் சொன்னதை அப்படியே எழுதிய முப்பது பேருக்கும் முழு மார்க் போட்டிருக்கிறேன்.