தண்டை மாற்றியது நான்தான்

மாதா சுருவத்தின் கால் உடைந்துவிட்டது. சிலையைத் தூசி துடைத்தபோது தவறியது என் கைதான். குற்றம் சொல்ல வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. சாவகச்சேரியில் வாங்கிவந்த இரண்டு குழாய்ப் பசையையும் ஒரு தகரமூடியில் பிதுக்கிக் குழைத்தேன். அந்த மணம் எழும்பியதும் உங்கள் கோல்ஃப் மட்டைகள் நினைவில் வந்தன. கொழும்பிலிருந்து அவை திரும்பி வந்த அன்றும் வீட்டில் இதே மணம்தான். அன்றைக்குச் சொல்லியிருக்கவேண்டிய ஒன்றை உங்களிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

தேயிலைத் தொழிற்சாலை எஞ்சினியராக நீங்கள் மலைநாட்டில் இருந்த காலத்தில்தான் நாம் இருவரும் ஆடப் பழகினோம். எனக்கு இரும்புத்தலை மட்டைகள், நீங்கள் அயன் என்று சொல்பவை, வாங்குவதற்கு முன் என் தையல் நாடாவால் மணிக்கட்டிலிருந்து நிலம்வரை அளந்தீர்கள். பலகையின்மேல் பந்தை வைத்து அடிக்கச் சொல்லி, மட்டையின் அடியில் எந்தப் பக்கம் தேய்கிறதென்று கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தீர்கள். கடைசியில் பாரம் குறைந்த, வளைந்துகொடுக்கும் தண்டுள்ள மட்டைகளாக எடுத்தீர்கள். எனக்குக் கோபம் வந்தது.

“என்னை நோஞ்சான் எண்டு நினைச்சியளோ?”

“கோவியாதையும். உமக்கு வேகம் குறைவு. ஆனால் பத்துத்தரம் வீசினாலும் ஒரே வீச்சு. தண்டு வளைஞ்சு குடுத்தால் பந்து தானா எழும்பும்.”

உங்களுக்கோ கடையிலேயே பாரமான, விறைப்பான தண்டு. அந்த நாட்களில் அது உங்களுக்குப் பொருந்தியது. அந்தத் தோளுக்கு வேறெதுவும் பொருந்தியிராது.

ஓய்வுபெற்று இங்கே வந்தபிறகு, அறுவடை முடிந்த வயல்தான் உங்கள் மைதானம். ஏழாம் நம்பர் அயனால் அடித்தால் பந்து எல்லை தாண்டி முத்தரின் மிளகாய்த் தோட்டத்தில் விழும். அவர் அங்கிருந்து கத்துவார்: “சேர், என்ரை கண்டிலை வெள்ளைக் காய் காய்ச்சிருக்கு, வந்து ஆயுங்கோ!” நீங்கள் சிரித்துக்கொண்டே பை எடுத்துப் போவீர்கள்.

நெஞ்சு வருத்தம் வந்து எழும்பிய பிறகு பந்து எழும்பவில்லை. தாழப் பறந்து, வலப்பக்கம் சரிந்து, வயலின் பாதியிலேயே விழுந்தது. “என்ன சேர், இந்த முறை விளைச்சல் இல்லையோ?” என்று முத்தர் கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார். நீங்கள் மட்டைப் பையை அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டீர்கள். ஒருநாளும் தாடியோடு வெளியே வராத மனிதர், மூன்று கிழமை முகம் வழிக்கவில்லை.

“இஞ்சாருங்கோ, உங்களுக்கும் இப்ப மெல்லிய தண்டுதான் வேணும்,” என்றேன்.

“என்ரை வீச்சு எனக்குத் தெரியும்,” என்று பேப்பரை விரித்துக்கொண்டீர்கள்.

பிடி ரப்பர் காய்ந்துவிட்டது, மாற்றவேண்டும் என்று சொல்லி மட்டைகளை என் தம்பியிடம் கொழும்புக்கு அனுப்பினேன். பிடியும் மாற்றத்தான் செய்தார்கள். ஆனால் திருத்துகிறவரோடு தொலைபேசியில் கதைத்துத் தண்டுகளையும் மாற்றச் சொன்னவள் நான். பந்து எங்கே விழுகிறதென்று நீங்கள் உறங்கிய ஒரு மத்தியானம் காலடியால் அளந்துவைத்திருந்தேன். தொண்ணூறு. அதை வைத்து, பார்வைக்குப் பழையதைப்போலவே இருக்கும் இலேசான உருக்குத் தண்டு ஒன்றை அவர் சொன்னார். இரண்டு குழாய்ப் பசையைக் குழைத்துத்தான் அதை மட்டைத் தலையில் ஒட்டுவாராம்.

“பழைய ஸ்டிக்கரையே அதிலை ஒட்டிவிடுங்கோ,” என்றேன்.

“என்னம்மா, சேரை ஏமாத்தப் போறீங்களா?”

“நான் ஒருத்தரையும் ஏமாத்துறதில்லை. ஒட்டிவிடுங்கோ.”

முதல் நாள் மூன்றாவது பந்திலேயே முத்தரின் சத்தம் கேட்டது: “அம்மா, சேரின்ரை காய் வந்திட்டுது!” பந்து எல்லையைத் தாண்டவில்லை, வேலியில் பட்டு நின்றிருந்தது. அது போதும் உங்களுக்கு.

எனக்குத்தான் போதவில்லை. கொன்வென்ற்றில் சிஸ்ரர்மார் பொய்யைச் சின்னது பெரியதென்று பிரித்துக் கற்பிக்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சுவாமியிடம் சொன்னேன். சுவாமிக்கு விளங்கவில்லை.

“அம்மா, இதிலை பாவம் எங்கை கிடக்கு?”

“பொய்யிலை கிடக்கு, சுவாமி.”

“அப்ப வீட்டை போய் அவரிட்டைச் சொல்லுங்கோ. அதுதான் உங்கடை பரிகாரம்.”

சொல்லத்தான் வந்தேன். நீங்கள் வயலிலிருந்து வேர்த்து விறுவிறுக்க வந்து, “இஞ்சாரும், நான் இன்னும் முடிஞ்சுபோகேல்லை!” என்றீர்கள். தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டேன்.

பரிகாரம் செய்யாமல் நான் நன்மை எடுக்கமாட்டேன். ஞாயிறு பூசையில் சுவாமியிடம் நற்கருணை வாங்க நீங்கள் எழும்பிப் போக, நான் வாங்கிலிலேயே இருந்தேன். “ஏன் நன்மை எடுக்கேல்லை?” என்று கேட்டீர்கள். வயிறு சரியில்லை என்றேன். அது இரண்டாவது பொய். உங்கள் அடக்கப் பூசையிலும் நான் எழும்பவில்லை. துக்கத்தில் இருக்கிறாள் என்று சனம் நினைத்தது. இப்போது கோவிலுக்குத் தனியாகப் போய்வருகிறேன். எழும்பிப் போகிறவர்களுக்கு முழங்காலை ஒதுக்கி வழிவிடுகிறேன். வேறொரு சுவாமியிடம் கேட்டுப் பரிகாரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று தங்கை சொல்கிறாள். கொடுத்ததைச் செய்யாமல் வேறு கேட்கிற பழக்கம் எனக்கில்லை.

ஆகவே எழுதிவிட்டேன். தண்டை மாற்றியது நான். ஸ்டிக்கரை ஒட்டச் சொன்னதும் நான். ஞாயிறு முதற் பூசைக்கு முன் சேமக்காலைக்கு, உங்கள் கல்லறைக்கு வந்து, இதை உங்களுக்கு வாய்விட்டு வாசிப்பேன்.

ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரியவில்லை. கடைசியாக வயலில் நின்ற அன்று, ஏழாம் நம்பரை என்னிடம் நீட்டி, “நீரும் ஒருக்கா அடியுமன்,” என்றீர்கள்.

“உங்கடை மட்டை எனக்குப் பாரமெல்லோ?”

“இப்ப அவ்வளவு பாரமில்லை,” என்றீர்கள். என் முகத்தைப் பார்க்காமல், வேலிப்பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்.

அடுப்பில் கறி கிடக்குது என்று உள்ளே வந்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.